ஏழு எண்ணுவதற்குள்

தண்ணீர்த் தொட்டியின் நிழல் இன்னும் ஒரு முழம் மிச்சமிருந்தது. அது சுருங்கித் தொட்டிக்கடியில் போவதற்குள் அவர் கூப்பிட்டுவிடுவார், வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, இங்கே பதினொன்று என்றால் அங்கே ஒன்பதரை, குளித்துத் துணி அலசிக் காயப்போட்டுவிட்டு ஈரத்தலையோடு வந்து கட்டிலில் உட்காருவார், மூன்று வருஷமாக இளவரசிக்குத் தெரிந்த புருஷன் ஈரத்தலைப் புருஷன்தான், அந்தத் தலை காய்ந்தால் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவில், அங்கே பாயைப் போட்டு, செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்து, மஞ்சள் சுடிதாரும் போட்டாயிற்று. கீழே ரோட்டில் சிமெண்ட் ஆலை லாரி போகும்போதெல்லாம் செங்கல் நடுங்கியது, போன் நடுங்கியது, திரையின் மேல் மூலையில் எரிகிற பச்சைச் சாவியும் நடுங்கியது. சாவி எரிந்தால்தான் பேச முடியும். அங்கே அந்த அரபு ஊரில் இந்த மாதிரி முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ கால் நேராகப் போகாதாம், அடைத்து வைத்திருக்கிறார்களாம், சாவி போட்டால் உள்ளுக்குள்ளேயே ஒரு வழி திறக்கும், அதன் வழியாகத்தான் அவர் முகம் வரும். "ரெண்டு பக்கமும் போடணும் புள்ள, அணைச்சிடாத, அணைச்சா மாட்டிக்குவோம்" என்று போன புதிதில் சொன்னார், அவள் அணைத்ததே இல்லை, தூங்கும்போதும் அணைத்ததில்லை, சாமி விளக்கைக்கூட ஒரு நாள் இரண்டு நாள் ஏற்றாமல் விட்டிருக்கிறாள். இன்றைக்கு அவர் கேட்பார். போன வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். கம்பெனியில் தாள் கொடுத்திருக்கிறான், இன்னும் ரெண்டு வருசத்துக்கு, சனிக்கிழமை காலையில கையெழுத்துப் போட்டுத் தந்தா இருக்கலாம், இல்லன்னா அனுப்பிவிட்ருவான், இருக்கவா வரவா, நீ யோசிச்சு வை புள்ள. யோசித்து வைக்க என்ன இருக்கிறது. அரிசி களைந்தபோது யோசித்தாள், குடத்தை மாடிக்கு ஏற்றியபோது யோசித்தாள், யோசிக்க யோசிக்க அது ஒரே ஒரு சொல்லாகத்தான் இருந்தது, வந்துருங்க, அவ்வளவுதான், பாத்திரக்காரியிடம்கூட நாளைக்கு வா என்று சொல்கிறோம், இதைச் சொல்ல மட்டும் நாக்கு ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

கூச்சம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றதுகூட அதனால்தான் என்று அம்மா சொல்வாள், டீச்சர் பேரைக் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்ல அவளுக்கு நேரமாகும், அதற்குள் டீச்சர் அடுத்த பேருக்குப் போயிருப்பாள், வந்த நாளெல்லாம் வராத நாளாக எழுதப்பட்டது. கல்யாணமான புதிதில் ரகுபதிக்கு அது பிடித்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பதில் வருகிறவரைக்கும் பார்ப்பார், "வருது வருது, தொண்டை வரைக்கும் வந்துருச்சு" என்று கேலி செய்வார், அவள் சிரித்துவிடுவாள், சிரிப்போடு பதிலும் வந்துவிடும். பக்கத்தில் இருந்தால் அப்படி. போனில் அவருக்கு எப்படித் தெரியும், எது அவள் யோசிக்கிற நேரம், எது பேச்சு வழியில் வந்துகொண்டிருக்கிற நேரம் என்று. ஏழு எண்ணிக்கை. அவளே எண்ணிப் பார்த்தது. கையைத் தூக்கிவிட்டு ஒண்ணு ரெண்டு மூணு என்று மூச்சுக்குள் எண்ணுவாள், திரையில் அவர் "எதுக்குக் கையத் தூக்குற" என்று கேட்கும்போது ஏழு ஆகியிருக்கும். சாவிக்குள் போனால் தேசத்துக்கு ஒன்றாகக் கொடிகள் இருக்கும், இங்கிலீஷ் எழுத்தைப் படிப்பதற்குள் கண் வலித்துவிடும் என்பதால் கொடியை வைத்தே அடையாளம் வைத்திருந்தாள். மூன்று பட்டை போட்ட கொடியை அமுக்கினால் ஏழு. பிறையும் நட்சத்திரமும் உள்ள கொடி சில நாள் ஐந்துக்கு வரும், சில நாள் வட்டம் சுற்றிக்கொண்டே கிடக்கும். சிவப்பு இலைக் கொடி பதினொன்று, அதில் ஒருநாள் அவர் தும்மியதற்கு அவள் நூறு ஆயுசு என்று சொன்னது அவர் தன்னுடைய செத்துப்போன பெரியப்பாவைப் பற்றிப் பேசும்போது போய்ச் சேர்ந்தது. அவர் போனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்தார். பட்டைக் கொடியே இருக்கட்டும் என்று அவள் அதோடு விட்டுவிட்டாள். ஏழு பழகிவிட்டது. கேட்டுவிட்டு ஏழு இருக்க வேண்டும், இருந்துவிட்டால் சண்டை இல்லை, இருக்காமல் இருவரும் சேர்ந்து பேசிவிட்டால் பேச்சோடு பேச்சு முட்டிக்கொள்ளும், நீங்க சொல்லுங்க, நீ சொல்லு, நீங்க சொல்லுங்க, நீ சொல்லு, அப்புறம் இருவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள், ஒரு வெள்ளிக்கிழமை அப்படியே கரைந்துபோகும்.

அங்கன்வாடி டீச்சர் போன மாசம் கேட்டாள், "பாப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குதா, எதுக்கும் ஒருதடவை டாக்டர்ட்ட காட்டேன்." கனிஷ்காவைக் கேள்வி கேட்டால் உடனே சொல்ல மாட்டாளாம். கண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம், டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போன பிறகு சொல்வாளாம், காக்கா என்று. சரியாகத்தான் சொல்வாளாம், ஆனால் காக்காப் படத்தை அதற்குள் மூடியிருப்பார்கள். இளவரசிக்கு அது அன்றைக்கே புரிந்துவிட்டது, டீச்சரிடம் சொல்லத்தான் முடியவில்லை. வீட்டில் சோப்பு டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டு கனி விளையாடுவாள், அப்பா சாப்ட்டீங்களா என்று கேட்பாள், பிறகு சும்மா இருப்பாள், சோப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷி மாதிரிக் காத்திருப்பாள், பிறகுதான் சரிங்கப்பா. அந்த நடுவில் இருக்கிற இடத்தைப் பிள்ளை எங்கே கற்றுக்கொண்டது. மூன்று வயசுப் பிள்ளைக்குப் பேச்சு என்றாலே அப்படித்தான், ஒருவர் கேட்பார், பிறகு ஒன்றுமே இருக்காது, பிறகு மற்றவர் சொல்வார். இவள் கேட்டதும் பால்காரர் பட்டென்று பதில் சொன்னால் திடுக்கிட்டு அம்மாவின் பின்னால் ஒளிகிறாள். என்னிடம் இருந்து ஒன்று, அந்தச் சாவியிலிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வந்துவிட்டதே என்று இளவரசி அன்றைக்கு அடுப்பங்கரையில் நின்று அழுதாள், அழுததையும் யாரிடம் சொல்வது, வெள்ளிக்கிழமை வரை இருந்தால் அழுத காரணம் ஆறிவிடும். இப்போது கனி கொடிக்கம்பிக்கு அந்தப் பக்கம் கிளிப்புகளை வரிசையாக வைத்து அங்கன்வாடி நடத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிளிப்பிடமும் ஏதோ கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள்.

நிழல் அரை முழம். எல்லாம் அந்த ஒரு ம்மில் வந்தது. பாப்பாவுக்கு அப்போது பத்து மாசம், ஒன்பதாம் மாச ஊசி காய்ச்சலால் தள்ளிப்போய் அந்த வாரம்தான் போட்டிருந்தாள், அவர் ஊசி போட்டியா புள்ள என்று கேட்டார், அவள் ம் என்றாள். அவ்வளவுதான் நடந்தது. சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் அந்த ம் சாவி வழியாக எங்கெங்கோ போய்த் திரும்பி அவரிடம் சேர்வதற்குள் அவருக்குப் பொறுமையில்லை, அடுத்ததையும் கேட்டுவிட்டார், கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கேக்கறான், நடுவுல லீவு கிடையாது, இருந்துட்டு வரவா. அவர் வரவா என்று முடித்து வாயை மூடியதும் அவள் ம் அங்கே போய் இறங்கியிருக்கிறது. அவர் முகம் எப்படியோ ஆனதை அவள் பார்த்தாள், ஏன் என்று தெரியவில்லை, கேள்வி அவளுக்கு வந்து சேர்ந்தபோது பதில் ஏற்கனவே போய்விட்டிருந்தது. சரி, நீ சொன்னா சரிதான் என்றார். இல்லங்க, அது ஊசிக்கு, என்று சொல்ல வாயைத் திறந்தாள், லைன் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டாச்சு என்று சொன்னார். அதற்குப் பிறகு சொல்லி என்ன செய்வது, போட்ட கையெழுத்தை அழிக்க முடியுமா, அப்பவே ஏன் சொல்லல என்று கேட்டால் என்ன பதில், லைன் போச்சு என்றால் ஒரு வாரமாகவா போச்சு என்பார். பிறகு ஒருநாள் ஏதோ சண்டையில், எதற்கென்றுகூட ஞாபகமில்லை, சிலிண்டருக்கோ எதற்கோ, அவரே சொன்னார். "நீதான புள்ள ம்முன்ன. எப்பவும் எதக் கேட்டாலும் முழுங்கி முழுங்கிச் சொல்றவ, அன்னிக்கு ஒரு நொடிகூட யோசிக்கல. டக்குன்னு சொன்ன. நான் அன்னிக்கு ராத்திரி முழுக்கப் படுத்துக்கிட்டே முழிச்சிருந்தேன்." டக்குன்னு. அவள் வாழ்நாளில் டக்கென்று சொன்ன ஒரே பதில் அவள் சொல்லாத பதில். இரண்டு வருஷமாக அவர் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் பெண்டாட்டிக்கு நான் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார், இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தும் இருக்கிறார்.

புதன்கிழமை ரீசார்ஜ் கடைக்குப் போனபோது மெர்சி அக்காவிடம் போனை நீட்டியது எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை, அது ஒரு காரணம். பேச்சு லேட்டா வருதுக்கா என்றாள். மெர்சி அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "யாரு பேச்சு, வூட்டுக்காரர் பேச்சா? கல்யாணமாயி நாலஞ்சு வருசத்துல எல்லாருக்கும் லேட்டாத்தான் வரும்" என்று சிரித்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், பச்சைச் சாவியைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. "இந்த வி.பி.என். எதுக்குடி உனக்கு?" ரெண்டு பக்கமும் போடணும்னு அவரு சொன்னாருக்கா என்றாள். "அடிப் பைத்தியமே. பூட்டு அவரு ஊர்ல. அவரு போட்டா போதும். தொறந்து கெடக்குற வாசல்ல நீ எதுக்குச் சாவியத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிற?" ஒரு பழைய ரசீதைத் திருப்பிப்போட்டுப் பேனாவால் வரைந்து காட்டினாள். இது நீ. இது அவரு. அவரு பேசுறத ஒரு பொட்டியில வெச்சுப் பூட்டி ஒரு சுரங்கத்துல அனுப்புது, வழியில யாரும் பாக்க முடியாது, அந்தச் சுரங்கம் வேற ஒரு தேசத்துல போய் மேல வரும், அங்க பூட்டத் தொறந்து உனக்கு அனுப்பும், அது வேணும், அது இல்லன்னா அவருக்கு வழியில்ல. ஆனா நீயும் ஒரு சுரங்கம் தோண்டி வெச்சிருக்கியே, அப்ப அங்கேருந்து நேரா உன்கிட்ட வராது, மறுபடி பூட்டி, மறுபடி நீ அமுக்கியிருக்க கொடி இருக்குற ஊருக்குப் போயி, ஓசிச் சுரங்கம் வேறயா, ஊரே அதுலதான் நெரிஞ்சுக்கிட்டுப் போவுது, வரிசையில நின்னு, மறுபடி தொறந்து. "பாஸ்போர்ட் எடுக்காமலே உன் பேச்சு மூணு வருசமா ஃபாரின் சுத்திட்டு வருதுடி. படம் பாக்குறதுன்னா பரவால்ல, நின்னு நின்னு வந்தாலும் பின்னாடி சேந்துக்கும். பேச்சு அப்படியில்ல. சோறு மாதிரி, அந்த நேரத்துக்குப் போவணும், இல்லன்னா கெட்டுப்போவும்." அணைச்சுப் பாரு என்று அக்கா விரலைக் கொண்டுபோனாள், இளவரசி போனைப் பிடுங்கிக்கொண்டாள். மாட்டிக்கொண்டால். தன் அறையில் யாரோ ஒருவருக்கு அபராதம் போட்டதாக அவர் ஒரு தடவை சொன்னாரே. வழியே அடைந்து, முகமே வராமல் போய்விட்டால். ஏழு எண்ணினாலும் முகம் வருகிறதே, அதையும் கெடுத்துக்கொண்டால். சரிக்கா அப்புறமாப் பாக்குறேன் என்று வந்துவிட்டாள், ரசீதை மட்டும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு. புதன், வியாழன், இன்று காலை வரை அதை எத்தனை தடவை விரித்துப் பார்த்தாள். இரண்டு கோடு. ஒரு கோடு அவருடையது. இன்னொன்று யாரும் கேட்காமல் அவளே போட்டது.

மணி அடித்தது. கனி கிளிப்புகளை விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஈரத்தலை, கோடுபோட்ட சட்டை, பின்னால் கொடியில் யாருடைய பனியனோ. "என்ன புள்ள, சாப்பிட்டியா?" ஒண்ணு ரெண்டு மூணு, சாப்ட்டேங்க நீங்க, என்று அவள் சொல்லும்போதே "பாப்பா எங்க?" என்று வந்து முட்டியது, இருவரும் நிறுத்தினார்கள், இருவரும் காத்திருந்தார்கள், இருவரும் சேர்ந்து சொல்லுங்க சொல்லு என்றார்கள். கனி முகத்தைத் திரையில் ஒட்டவைத்து அப்பா என்றாள், பின்வாங்கி உட்கார்ந்தாள், பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியும் எப்படிக் காத்திருப்பது என்று, சரியாக ஏழில் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி வந்து சேர்வதற்குள் கனி கொடிக்கம்பியில் உட்கார்ந்த மைனாவைப் பார்க்கத் திரும்பிவிட்டிருந்தாள், அவர் பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தெரிந்தே சிரிக்கிறாரா. அவருக்கு இப்போது தெரிவது இன்னும் பிள்ளையின் முகம்தானா. யார் எங்கே இருக்கிறோம். அவர் தொண்டையைச் செருமினார், கட்டிலுக்கடியிலிருந்து எதையோ எடுத்தார், வெள்ளைத் தாள். அது வந்துவிட்டது. "புள்ள, இந்தத் தாள்" என்று தொடங்கினார், இளவரசிக்கு ஊசி போட்ட நாளின் மருந்து வாடை மூக்கில் ஏறியது, இப்போது எதையாவது சொல்லிவிடுவேன், எதற்காவது சொன்னது இதன்மேல் போய் இறங்கிவிடும், இருமுவதற்குக்கூடப் பயமாக இருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டாள், விரல் தானாகத் திரையின் மேலே போய் இழுத்தது, சாவி, பச்சை, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

முகம் நின்றது. பாதி திறந்த வாயோடு, தாள் பாதி தெரிய, கட்டமாகச் சிதறி நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. போச்சு. மூன்று வருஷம் காத்துவைத்ததைக் கெடுத்துவிட்டாள், பெரிய இவள் மாதிரி. அங்கே யாராவது கதவைத் தட்டுகிறார்களா, அவர் கையில் போனோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா, மெர்சி அக்காவுக்கு என்ன, சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள், அவள் புருஷன் ஆலை கேன்டீனில் இட்லி வேக வைத்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். ஒரு லாரி போனது. இன்னொரு லாரி. தொட்டியின் நிழல் ஒரு விரல்கடைதான். கனி அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வட்டத்தையே பார்த்தாள், அவளுக்கு இதுவும் அப்பாதான், சுற்றுகிற அப்பா. பிறகு வட்டம் மறைந்தது. "கட்டாயிருச்சா புள்ள?" இளவரசி கையைத் தூக்கினாள். ஒண்ணு. ரெண்டு. மூ. "எதுக்குக் கையத் தூக்குற?" கையை இறக்க மறந்து அப்படியே வைத்திருந்தாள். ஏழு இல்லை. மூன்றுகூட முழுசாக இல்லை. அப்படியென்றால் மீதி நாலு, மூன்று வருஷத்து வெள்ளிக்கிழமையெல்லாம், அந்த ம் வழிதவறிப்போய் இறங்கிய நாலு, அவள் பக்கத்தில் அவள் கையால் எரியவிட்ட சாவி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்தாள். அவர் தாளைத் தூக்கிக் காட்டினார். "நாளைக்குக் காலையில குடுக்கணும். இருக்கவா, வரவா?" கேள்வி முழுசாக, முனை மழுங்காமல், சுடச்சுட வந்து அவள் மடியில் விழுந்தது.

இனி ஒளிந்துகொள்ள நாலு எண்ணிக்கை இல்லை. அவள் பேசாமல் இருந்தால் அது அவள் பேசாமல் இருப்பதுதான். வந்துருங்க. சொல். வந்த பிறகு இங்கே என்ன செய்வார், அது வந்த பிறகு. சொல். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், முதல் வருஷத்தில் பார்த்த மாதிரி, வருது வருது தொண்டை வரைக்கும் வந்துருச்சு என்று சொல்லப்போகிறாரோ என்று நினைத்தாள், ஆனால் அவர் முகம் மெல்ல மெல்ல இறங்கியது, அவருக்கு இந்த மௌனம் பழக்கமானதுதான், அதற்கு ஒரு பேர்கூட வைத்திருக்கிறார். "லைன் மெதுவாப் போவுது போல. சரி விடு புள்ள, நான் அப்புறமாப் பேசுறேன், இதப் போட்டுக் குடுத்துர்றேன்." தலையைக் குனிந்தார். கட்டைவிரல் திரையின் அடிப்பக்கம் நோக்கி வந்தது, பெரிதாக, சிவப்புப் பொத்தானை நோக்கி. "லைன் நல்லாருக்குங்க" என்றாள் இளவரசி, குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிசாக வந்தது, மைனா பறந்துபோனது, "லைன் நல்லாருக்கு, நான்தான் பேசல. அன்னிக்கு ம்முன்னது ஊசிக்கு. ஊசி போட்டியான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு. வந்துருங்க." சொல்லிவிட்டாள். ஆனால் அது இன்னும் அங்கே போகவில்லை. பூட்டிய பெட்டிக்குள் ஏதோ ஒரு தேசத்தில் போய்க்கொண்டிருந்தது, இனி அவள் ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது, திரையில் இருப்பது இன்னும் ஒன்றும் கேட்காத மனுஷன், அவர் விரல் வந்துகொண்டே இருந்தது, ஒண்ணு, நகத்தின் அழுக்குக்கூடத் தெரிந்தது, ரெண்டு, திரையின் அடிப்பாகம் முழுவதும் அந்த விரலாகவே இருந்தது.

விரல் நின்றது. அப்படியே நின்றது, வட்டம் சுற்றவில்லை, படம் உறையவில்லை, பின்னால் பனியன் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "ஊசிக்கா?" என்றார் ரகுபதி. அவள் ம் என்றாள். இருவரும் வேறு எதுவும் பேசவில்லை, அந்த ம்முக்கு நடுவில் ஒன்றும் நுழைந்துவிடக் கூடாது என்று, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், அது போய்ச் சேருகிறவரை இருந்தார்கள். பிறகு அவர் தாளைக் கட்டிலில் போட்டார். அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்தார், தலையிலிருந்து வழிந்த தண்ணீராகவும் இருக்கலாம். உதடு அசைந்தது. எப்போதும் உதடு முன்னால் வரும், சத்தம் கொஞ்சம் பின்னால் வரும், அவளுக்கு அது தெரியும். கனி அவள் தோளைப் பிடித்து ஆட்டினாள். "அப்பா என்னம்மா சொன்னாங்க?" காத்திருக்கவே இல்லை பிள்ளை, பட்டென்று கேட்டுவிட்டது. "இரு கனி" என்றாள் இளவரசி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்துக்கிட்டிருக்கு."